காரணம் சொல்லக் கூடாது

பாடம் சரியாகத் தெரியாத வாத்தியார்தான் நிறைய விதி போடுவார். இதை நான் யாரையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணாடியே போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் மாலை நேர கம்ப்யூட்டர் புரோகிராமிங் வகுப்பு எடுத்தேன். தற்காலிக விரிவுரையாளர். (சம்பளமும் அப்படித்தான். சில மாதம் வரும்.) மாணவர்கள் எல்லாரும் பேங்கிலும் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலும் பகல் முழுக்க உழைத்துவிட்டு, மேலதிகாரி பயமுறுத்தியதால் வந்து உட்கார்ந்தவர்கள். பாதிப் பேருக்கு என் அப்பா வயது. என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டார்கள். கீபோர்டு பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். வைரஸ் பிடித்த ஃபிளாப்பியைக் கோயில் பிரசாதம் மாதிரி கை மாற்றிக்கொண்டார்கள்.

மீசைகூட ஒழுங்காக வளராத வயதில் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வகுப்பு விதிகளை எழுதினேன். டைப் அடித்து லேப் கதவில் ஒட்டினேன். செருப்பு, ஷூவை வெளியே வரிசையாக விட வேண்டும். வெளி ஃபிளாப்பி கூடாது. புரோகிராமை முதலில் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மெஷினைத் தொடலாம். மணி அடித்து ஐந்து நிமிடம் கழிந்தால் உள்ளே அனுமதி இல்லை. இப்படிப் போயின. அவற்றில் நான் மிகவும் பெருமைப்பட்டது கடைசி விதி: தாமதத்துக்குக் காரணம் சொல்லக் கூடாது. பஸ் வரவில்லை, மேனேஜர் விடவில்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று தினமும் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருந்தேன். கதையைக் கேட்கும் நேரத்தில், புரோகிராமில் திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு லூப்பே ஓடி முடிந்துவிடும். (என் லூப்புகள் முடியாது. அது வேறு விஷயம்.)

அதே சமயம் வீட்டில் அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதுமே வந்த ஜாதகங்கள் திரும்பிப் போயின. கடைசியில் தி. நகரில் ஒரு குடும்பம் மட்டும் பின்வாங்கவில்லை. பொருத்தமும் பார்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னால இனிமே அலைய முடியாதுடா" என்றாள் அம்மா. எனக்கும் அந்தப் பெண்ணின் போட்டோவை மறக்க முடியவில்லை.

அந்த வாரம் ஒரு மாலை, வகுப்பு தொடங்கி வெகுநேரம் ஆன பிறகு கதவைத் திறந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை, காலில் ஷூ. பேங்க் ஆசாமி என்று பார்த்ததும் தெரிந்தது. அன்று ஏசி வேலை செய்யவில்லை, மூன்று மெஷின்கள் படுத்துவிட்டன, நானும் படுக்கிற நிலைமையில்தான் இருந்தேன்.

"தம்பி, நான் எதுக்கு வந்தேன்னா..."

"காரணம் சொல்லக் கூடாது. கதவுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"இல்ல, நான் வந்து..."

"வயசாயிடுச்சுன்னா விதி மாறிடுமா? வெளிய நில்லுங்க. அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்."

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. பெரியவர் வெளியே போய், செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றார். கதவுக் கண்ணாடி வழியாக அவ்வப்போது உள்ளே பார்த்தார். எனக்கு ஏதோ ராஜ்ஜியம் பிடித்த மாதிரி இருந்தது.

வகுப்பு முடிந்ததும் அட்டெண்டர் முனுசாமி வந்தார். "சார், இன்னா சார் நீ, அந்தப் பெர்யவரு எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்தாரு தெரியுமா? உன்னப் பத்தியே கேட்டுக்கினு இருந்தாரு."

பிரின்சிபாலிடம் புகார் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். செய்யட்டுமே, விதி விதிதான்.

ஞாயிற்றுக்கிழமை உஸ்மான் ரோடு கூட்டத்தில் எங்கள் ஆட்டோ சிக்கிக்கொண்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அம்மா புலம்ப, அப்பா டிரைவரைத் திட்ட, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது அரை மணி தாமதம். கதவைத் திறந்தவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. ரெக்ஸின் பை மட்டும் இல்லை.

அவர் பெண்ணின் அப்பா.

மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குப் போய் நைசாக நாலு வார்த்தை விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். நான் அதை யோசிக்கவே இல்லை. போட்டோவில் சிரித்த முகம் அப்படியே தி. நகரை விட்டுத் தூரப் போவது தெரிந்தது.

"சார், டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"காரணம் சொல்லக் கூடாது, தம்பி," என்றார் சாந்தமாக. "செருப்பை வரிசையா விடுங்க."

ஒன்றும் புரியாத அம்மா, நிலைமையைச் சரிசெய்ய நினைத்துச் சொன்னாள்: "எங்க பையன் ரொம்ப சாதுங்க. பெரியவங்க முன்னாடி அதிர்ந்துகூடப் பேச மாட்டான்."

உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல் அடக்க முடியாமல் சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன். நல்ல மொசைக் தரை. இன்றும் அதன் பூக்களை வரைந்து காட்டுவேன்.

காபியோடு வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உட்காரலாமா சார்? நோட்டுல கையெழுத்து வாங்கலையே."

கல்யாணம் நடந்தது. ஏன் நடந்தது என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. மனைவிதான் பிறகு சொன்னாள். அன்று கல்லூரியிலிருந்து வீடு திரும்பிய மாமனார், "வாய் ஜாஸ்திதான்மா. ஆனா ஒரு அம்மா எத்தனை வாட்டி தப்பா அடிச்சாலும் பக்கத்துல குனிஞ்சு நின்னு மறுபடி மறுபடி சொல்லிக் குடுத்தான். நானா இருந்தா பாதியிலேயே எழுந்து வந்திருப்பேன்" என்றாராம். விதியில் இல்லாத ஒன்று என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அந்தக் கடைசி விதி எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் தாமதமாக வந்தால் மனைவி அதைச் சொல்கிறாள். மாத்திரையை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் மாமனார் அதைச் சொல்கிறார். போன வாரம் என் மகள் வெகு தாமதமாக வீடு திரும்பினாள். வாசலிலேயே உட்கார்ந்து காத்திருந்த நான், "எங்கே போயிருந்தே?" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றி, மிக ஒழுங்காக வரிசையில் விட்டுவிட்டு, "காரணம் சொல்லக் கூடாதுப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.