ஷெட் பிரிட்ஜுக்கு வந்த ஆபத்து

"வியாழக்கிழமை வண்டி வருது," என்றாள் க்ளெனிஸ், இறைச்சி அடைத்த பேஸ்டியின் மாவு ஓரத்தை விரலால் அமுக்கி மடித்துக்கொண்டே. "பழைய பிரிட்ஜைத் தூக்கிட்டுப் போய்ட்டு, புதுசு ஒண்ணை இறக்கி வெச்சிடுவாங்க. முக்காவாசி அரசாங்க மானியம். நாம கொஞ்சமா போட்டா போதும்."

அவள் கணவர் லிண்ட்சி ட்ரெதூயி வாயில் ஊற்றிய தேநீரை விழுங்க மறந்துபோனார்.

'எந்தப் பிரிட்ஜ்?' என்று கேட்டிருக்கலாம். இரண்டே சொல்தான். கேட்டிருந்தால் மனுஷன் அந்த வாரம் முழுக்க நிம்மதியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார். கேட்கவில்லை.

காரணம் இருந்தது. போன மாதம் மூண்டா ஊர் மண்டபத்தில் மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அடிலெய்டிலிருந்து வந்த ஒரு பெண் மேடையில் நின்று, "உங்க வீட்டுல கரண்டைத் திங்கிற திருடன் யாரு தெரியுமா? ஷெட்டுல நிக்குதே பீர் பிரிட்ஜ், அதுதான்!" என்று சொல்லியிருக்கிறாள். மண்டபத்திலிருந்த மனைவிமார் அத்தனை பேரும் கை தட்டினார்களாம். அந்த வாரமே பக்கத்துத் தெருவில் இரண்டு ஷெட் பிரிட்ஜ்கள் வண்டி ஏறிவிட்டன. க்ளெனிஸ் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள்.

அது மட்டுமா? மானியம் என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. கூரையில் சூரியத் தகடு ஏறியது மானியத்தில். வெந்நீர் எந்திரம் மாறியது மானியத்தில். கதவு இடுக்குகளுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியது மானியத்தில். வீட்டில் மாறாமல் மிச்சமிருந்த பழசு என்று பார்த்தால் ஷெட் பிரிட்ஜும் தானும்தான் என்று லிண்ட்சிக்கு ரொம்ப நாளாகவே ஒரு கலக்கம்.

கேட்டால் தெளிவாகிவிடும். தெளிவாகிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் கற்றுக்கொண்ட விஷயம் இது.

"ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புற ஷெட்டுக்கு ஓடினார்.

அந்தப் பிரிட்ஜை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோள் வளைந்த வெள்ளைப் பிரிட்ஜ். கதவு முழுக்கக் கால்பந்து ஸ்டிக்கர்கள். மூடினால் டப்பென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டாலே லிண்ட்சிக்குத் தாகம் பாதி தணிந்துவிடும். தெருமூலையிலிருந்த மதுக்கடையை மூடி அங்கே வாசனை மெழுகுவர்த்தி விற்க ஆரம்பித்ததிலிருந்து, சனிக்கிழமை மத்தியானம் நாலு கிழவர்கள் கூடுவது அந்தப் பிரிட்ஜைச் சுற்றித்தான்.

நாலு பேரில் ஒருவர் ரோலி பெங்கிலி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். போன குளிர்காலத்தில் அவர் மனைவி கோரல் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மனுஷன் யாரிடமும் பேசுவதில்லை. பெற்ற மகள் ட்ரூடி போன் செய்தாலும் "ம்" தான். ஆனால் சனிக்கிழமை, அந்த ஷெட்டில், இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு, கோரல் கருக்கிய கேக்கைப் பற்றியும் அவள் விட்ட குறட்டையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். மற்ற மூவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

புதுசு வந்தாலும் அது க்ளெனிஸின் பாலுக்கும் வெண்ணெய்க்கும்தான், பீருக்கு இல்லை. பிரிட்ஜ் போனால் சனிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை போனால் ரோலி அப்புறம் வாயே திறக்கமாட்டார். லிண்ட்சிக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இதையெல்லாம் மனைவியிடம் உட்கார்ந்து சொல்லலாம்தான். ஆனால் மூண்டாவில் ஆண்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிரிட்ஜைத் திருடுவது அதைவிடச் சுலபம்.

திங்கட்கிழமை க்ளெனிஸ் புல்தரைப் பந்து விளையாடப் போனதும், கூட்டாளி பாஸ்கோ தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார். நாலு பேரில் இவர் இன்னொருவர். மீன்பிடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பார். இருவரும் மூச்சு வாங்க வாங்கத் தள்ளிக்கொண்டு போய், பிரிட்ஜை ரோலியின் கராஜில், அவருடைய பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள்.

"ரெண்டு நாள் இங்க இருக்கட்டும் ரோலி. சரியா?"

"ம்," என்றார் ரோலி.

திரும்பி வரும்போது பாஸ்கோ கேட்டார். "அது சரி, வியாழக்கிழமை வண்டிக்காரன் எதைத் தூக்குவான்?"

"ஒண்ணும் இல்லன்னு திரும்பிப் போயிடுவான்."

"பழசைக் குடுத்தாத்தான்டா புதுசு இறங்கும். வெறும் ஷெட்டைக் காட்டினே, க்ளெனிஸ் உன்னைத் தூக்கி வண்டியில ஏத்திடுவா."

"அப்போ குப்பைக் கிடங்குல ஒரு செத்த பிரிட்ஜைப் புடிச்சிட்டு வருவோம்."

"செத்தது செல்லாது. ஓடணும். பிளக்கைச் செருகிப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. ஓடற பிரிட்ஜை ஒழிச்சாத்தானே கரண்ட் மிச்சம்? செத்ததை ஒழிச்சு யாருக்கு என்ன லாபம்?"

லிண்ட்சி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"முகத்தை அப்படி வெச்சுக்காத," என்றார் பாஸ்கோ. "என்கிட்ட ஒண்ணு இருக்கு. தூண்டில் இரை வைக்கிறது. ஓடும்."

ஓடத்தான் செய்தது. ஆனால் பல வருடமாகக் கணவாயும் கடற்புழுவும் குடியிருந்த பிரிட்ஜ் அது. கதவைத் திறந்ததும் லிண்ட்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சனியன், நல்ல பச்சை நிறத்தில் இருந்தது.

"வெள்ளை பெயின்ட் இருக்கா?" என்றார் பாஸ்கோ.

இருந்தது. மழைநீர்க் குழாய்க்கு அடித்ததில் மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை காலையில் லிண்ட்சி உட்கார்ந்து பொறுமையாக அடித்து முடித்து, தூரிகையைக் கழுவப் போகும் நேரத்தில் ஷெட்டுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. க்ளெனிஸ்! லிண்ட்சிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே பிரிட்ஜை மறைத்து, முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பெயின்ட் இன்னும் ஈரம்.

"ஐஸ் பெட்டி எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் நின்று அவரைப் பார்த்தாள். "ஏன் இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறே?"

"வெயிலுக்கு... சில்லுனு நல்லா இருக்கு."

"கையில என்ன தூரிகை?"

"கொசு அடிக்க."

க்ளெனிஸ் மூக்கைச் சுளித்தாள். "என்ன இந்த மீன் நாத்தம்?"

"பாஸ்கோ வந்துட்டுப் போனான்."

"அதானே பாத்தேன்," என்று ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லிண்ட்சி பிரிட்ஜிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தார். கதவில் அவருடைய முதுகு அச்சாக விழுந்திருந்தது. நடுவில் பச்சையாக ஒரு மனிதன் நிற்பதுபோல இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து அடித்தார். சட்டையைப் பழைய டயருக்குள் ஒளித்தார்.

புதன்கிழமை வெயில் கொளுத்தியது. தகரக் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. பெயின்ட் உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஓடுகிறதா என்று சோதிக்க லிண்ட்சி பிளக்கைச் செருகினார். பிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உலுக்கி, விக்கி, அடங்கியது. அதோடு வீட்டில் ஏசி அடங்கியது. வானொலி அடங்கியது. ஊரே அடங்கியதுபோல ஒரு அமைதி. மொத்த வீட்டுக்கும் மெயின் டிரிப் ஆகியிருந்தது.

அலறியடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். க்ளெனிஸ் கொஞ்சமும் பதறவில்லை. பால், வெண்ணெய், உப்பிட்ட மாட்டிறைச்சி எல்லாவற்றையும் சமையலறைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போச்சு," என்றார் லிண்ட்சி, ஏதோ புதுச் செய்தி சொல்வதுபோல.

"தெரியுது. எப்படியும் எடுத்து வைக்கவேண்டியதுதானே," என்றாள் அவள்.

லிண்ட்சிக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி! இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே போய் மெயினைப் போட்டுவிட்டு, பாஸ்கோவுக்கு போன் செய்தார். பாஸ்கோ வந்து ஏதோ ஒரு கம்பியை முறுக்கினார். அப்புறம் பிரிட்ஜ் ஓடியது. டிராக்டர் மாதிரி தடதடவென்று ஷெட்டையே ஆட்டிக்கொண்டு ஓடியது.

"இப்ப யாராலயும் ஓடலன்னு சொல்ல முடியாது," என்றார் பாஸ்கோ பெருமையாக.

வியாழக்கிழமை காலையில் லிண்ட்சி வாசல் கேட்டில் காவல் நின்றார். வண்டி வந்ததும் ஆளை நேராக ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், க்ளெனிஸ் வெளியே வருவதற்குள் ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம்.

வண்டி வந்தது. ஆனால் இரண்டு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது.

லிண்ட்சி கண்ணை இடுக்கிப் பார்த்தார். சமோவாத் தீவுக்காரர் ஒருவர், கதவு அகலத்துக்கு இருந்தார், ரோலியின் கராஜிலிருந்து ஒரு பிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோள் வளைந்த வெள்ளைப் பிரிட்ஜ். கதவு முழுக்கக் கால்பந்து ஸ்டிக்கர்கள். பக்கத்தில் ரோலி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ! நிறுத்து! நிறுத்து!"

லிண்ட்சி ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது. சாலைத் தார் காலைச் சுட்டது. போய்ச் சேர்ந்தபோது பிரிட்ஜ் வண்டியின் ஏற்றுப்பலகையில் ஏறியிருந்தது. சமோவாக்காரர் கையில் பெரிய வெட்டுக்கத்தரி. மறுபடி யாரும் பயன்படுத்தாமல் இருக்க, அங்கேயே வயரை வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம்.

லிண்ட்சி பாய்ந்து பலகையில் ஏறிப் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பலகை விர்ரென்று அவரையும் சேர்த்து மேலே தூக்கியது.

"அங்கிள், இறங்குங்க! விழுந்துடப் போறீங்க!" என்று கத்திக்கொண்டே அந்த மனிதர் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். சட்டையில் டவிட்டா என்று பெயர் இருந்தது.

"இது அவனோடது இல்ல, என்னோடது!"

"இவர் மகதான் பதிவு பண்ணியிருக்காங்க. கராஜ்ல இருக்கற பழசை எடுக்கணும்னு. உள்ள ரெண்டு நின்னுச்சு. எது ரொம்பப் பழசோ அதை எடுத்தேன்."

லிண்ட்சி மேலே நின்றபடியே ரோலியைப் பார்த்துக் கத்தினார். "அடப்பாவி! ட்ரூடி பதிவு பண்ணியிருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ரோலி தலையைக் குனிந்துகொண்டார். "சனிக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

"சனிக்கிழமையா! இது போச்சுன்னா ஏதுடா சனிக்கிழமை?"

அதற்கப்புறம் லிண்ட்சியால் அடக்க முடியவில்லை. கூட்டத்தில் கை தட்டியது, தள்ளுவண்டி, இரைப் பிரிட்ஜ், பெயின்ட், முதுகு அச்சு, மெயின் டிரிப் ஆனது என்று எல்லாவற்றையும் பலகை உயரத்திலிருந்தே கொட்டித் தீர்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. டவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"எனக்குப் புரியுது அங்கிள். ஆனா சொந்தக்காரர் இவர். எழுதியிருக்கறது இவர் பேர்ல. இவர் ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

எல்லோரும் ரோலியைப் பார்த்தார்கள். ரோலியின் தாடை அசைந்தது, நின்றது. லிண்ட்சி பிரிட்ஜை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வியாழக்கிழமை வேறு. ஒரு சொட்டு பீர்கூட ரோலிக்குள்ளே போகவில்லை.

"அதை விட்டுடுங்க," என்றார் ரோலி. குரல் துருப்பிடித்துக் கிடந்தது. "என்னோடதை எடுத்துக்கங்க. அதுல பட்டாணி மட்டும்தான் இருக்கு. இது... இதுகிட்ட உக்காந்தாத்தான் எனக்குக் கோரலைப் பத்திப் பேச வருது. இது எனக்கு வேணும்."

டவிட்டா வெட்டுக்கத்தரியைப் பையில் போட்டார். பலகையை மெதுவாக இறக்கினார். லிண்ட்சி பிரிட்ஜைப் பிடித்தபடியே தரைக்கு வந்தார். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. ரோலியின் தோளில் ஒரு அடி போட்டார். ரோலியும் திருப்பி ஒன்று போட்டார். மூண்டாவில் இதற்குமேல் யாரும் கட்டிப்பிடித்துக்கொள்வதில்லை.

டவிட்டாவே பிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போய்க் கராஜில் விட்டுவிட்டு, ரோலியுடையதை ஏற்றினார். அப்போதுதான் லிண்ட்சிக்கு மிச்சமிருக்கும் ஆபத்து ஞாபகம் வந்தது. டவிட்டாவின் காதருகே போனார்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு உதவி. அடுத்தது என் வீடுதான். அதோ, நீலக் கதவு. ஷெட்டுல நிக்கற வெள்ளைப் பிரிட்ஜை, நாத்தம் பாக்காம, சத்தம் கேக்காம எடுத்துட்டுப் போயிடு. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாத. அதைத்தான் ஒழிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா."

டவிட்டா நீலக் கதவைப் பார்த்தார். லிண்ட்சியைப் பார்த்தார். அப்படியே பலகையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்த அம்மாவா? காலையில கிளம்பும்போது போன் பண்ணினேன் அங்கிள்! 'சமையலறையில இருக்கறதை எடுத்துக்கோ, ஷெட்டுல இருக்கறது மேல கையை வெச்சேன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன். அது போச்சுன்னா அந்த நாலு கிழங்களும் சனிக்கிழமை தவறாம என் ஹால்ல வந்து உக்காந்துடும்'னாங்க!"