இருமுகிற காருக்கு ஒரு நர்ஸ்

இனி எங்கள் காரை என்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்க என் மனைவி மட்டும்தான் இருந்தாள். அவளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காருக்கு வந்த வியாதி இதுதான். காலையில் சாவியைத் திருகினால் எட்டுத் தடவை கர்கர் என்று இழுக்கும். பிறகு உயிர் வரும். வந்ததும் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். பின்னால் கரும்புகை. தெருவெல்லாம் பெட்ரோல் வாடை. ஒரு நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். அப்புறம் நாள் முழுக்க எத்தனை தடவை அணைத்தாலும் உடனே கிளம்பிவிடும்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். இவள் போய் நின்றால்தான் அங்கே விடிய விடிய நின்றவள் வீட்டுக்குப் போக முடியும். அந்த வாரம் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது.

"மெக்கானிக்கிட்ட காட்டிடலாங்க."

"ஏன், நான் ஒருத்தன் இல்லையா?"

"இருக்கீங்க. அவருக்கு வேலையும் தெரியும்."

இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சும்மா இருப்பது? பேட்டரியை மாற்றினேன். கார் முன்னைவிடத் தெம்பாக, பன்னிரண்டு தடவை இழுத்தது. அடுத்தது ஸ்பார்க் பிளக். நாலையும் கழற்றிப் புதிது போட்டேன். பழசை, கழற்றிய வரிசையிலேயே புதுப் பிளக் வந்த டப்பாவில் போட்டு மூடினேன். வரிசையில் வைத்தது திட்டம் போட்டு இல்லை. கை அப்படிப் போனது.

மறுநாள் காலையும் கார் இருமியது. மனைவி சீருடையில், கொண்டையில் ஊசி குத்தியபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"உனக்குத் தெரியாதா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. சூடா இருக்கும்போது பண்ணுதா, ஆறிப் போனா பண்ணுதா?"

"ஆறிப் போனாத்தான்."

"மத்தியானம் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தா?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்ப நின்ன நேரம்தான் கணக்கு. சாவியை முழுசா திருகாதீங்க. பாதியில நிறுத்துங்க. பின்னாடி என்ன சத்தம்?"

கேட்டேன். பின் சீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய முனகல், இரண்டு விநாடி. ஏழு வருஷமாக இந்தக் காரை ஓட்டுகிறேன். அந்த முனகலை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"அது பெட்ரோல் பம்ப்தானே? நின்னுதா? அணைங்க. மறுபடி பாதி. மறுபடி அணைங்க. இப்ப முழுசா திருகுங்க."

இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் உதறியது, அவ்வளவுதான்.

"ராத்திரியில எங்கயோ கசிஞ்சு பிரஷர் இறங்கிடுது. ரெண்டு தடவை பம்ப் ஓடினதும் ஏறிடுது," என்றாள், நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறவள் மாதிரி. "பழைய பிளக் எங்க?"

டப்பாவைத் திறந்தாள். மூன்று பிளக்கின் நுனி பிஸ்கட் நிறம். வரிசையில் மூன்றாவது மட்டும் கரிக்கட்டை. அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"மூணாவதுல பெட்ரோல் கசியுது."

அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா?

"இது இன்ஜின். உன் வார்டு இல்ல," என்றேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சரிங்க," என்றாள். அந்த 'சரிங்க' எனக்குச் சரியாகப் படவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். திட்டம் எளிது. ரகசியமாகச் சரி செய்து, நானே செய்ததாகச் சொல்வது. மெக்கானிக் துணியில் கை துடைத்தபடி வந்தார்.

"எனக்கு என்ன சந்தேகம்னா," என்று ஆரம்பித்தேன்.

"மூணாவது இன்ஜெக்டர்தானே சார்? சிஸ்டர் இப்பத்தான் போன் பண்ணாங்க. பெட்ரோல் சொட்டுதுன்னாங்க. நீங்க வந்துக்கிட்டு இருக்கீங்கன்னும் சொன்னாங்க."

"நான் எங்க வரேன்னு அவகிட்ட சொல்லவே இல்லையே."

"அதையும் சொன்னாங்க சார்."

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற அந்த இன்ஜெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கோயிலில் நிற்பது போல நின்றேன். மாடிப் படியிலிருந்து இறங்கி வந்த ஐந்து நிமிஷத்தில், ஸ்பானரைத் தொடாமல், கொண்டையும் கலையாமல் கண்டுபிடித்திருக்கிறாள்.

"நான் போன் பண்ணதைச் சார்கிட்ட சொல்லாதீங்கன்னாங்க," என்றார் மெக்கானிக். "சொல்லிட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு. புருஷன் மானம் போகக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்த மனசை வீணாக்கக்கூடாது என்று மெக்கானிக்கிடம் கொஞ்சம் கிரீஸ் வாங்கிச் சட்டையில் பூசிக்கொண்டேன். நெற்றியிலும் லேசாக.

மாலையில் மனைவி வந்தாள். நான் சொன்னதையெல்லாம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"நீங்களேவா கழட்டினீங்க?"

"வேற யாரு?"

"கஷ்டமா இல்லையா?"

"பழகினா வந்துடும்."

"நல்லதாப் போச்சு. என் தம்பி காரும் காலையில இப்படித்தான் இருமுதாம். நீங்க பாத்துக்குவீங்கன்னு சொல்லிட்டேன். கீழ காரோட நிக்கிறான். ஸ்பானரை எடுத்துக்கிட்டுப் போங்க. பக்கத்துல நின்னு கத்துக்கணுமாம்."

எனக்கு வியர்த்தது. நெற்றிக் கிரீஸ் புருவத்துக்கு இறங்கியது.

"நாளைக்கு..."

"இப்பவே வேணுமாம்."

"அது வந்து... மெக்கானிக்தான் மாத்தினாரு."

"ம்."

"கண்டுபிடிச்சது நீ."

"ம்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இது போதும்," என்று எழுந்து டீ போடப் போனாள்.

மச்சினனிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று படியிறங்கினேன். வாசலில் எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. தெருமுனை வரை நடந்து பார்த்த பிறகுதான், வேலை விஷயமாக வெளியூர் போன மச்சினன் அடுத்த மாதம்தான் திரும்புவான் என்பது என் ஞாபகத்துக்கு வந்தது.