காரணம் தெரியாமல் ஓடக் கூடாது

பழுது பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் கெட்டுப்போனதைச் சரிசெய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் காட்டப்போவது மற்ற வகை. இவருக்குப் பழுது முக்கியமில்லை, அதன் பூர்வீகம்தான் முக்கியம். மூலகாரணர் என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் மாடியில் ஒரு மூலகாரணர் குடியிருக்கிறார். பீரோ உயரத்தில், காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு அவர் விளையாடிய அதே பெட்டியாம். சங்கீதம் கேட்டது, ராக்கெட் பறந்தது. இடப்பக்கம் மட்டும் திரும்ப மறுத்தது. அவ்வளவுதான் கோளாறு. நீங்களோ நானோ என்ன செய்வோம்? ராக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்போம். அது அவருக்கு அநாகரிகம். பெட்டியின் பின்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

பெட்டி மூச்சுவிடவில்லை.

அப்போது அவர் முகத்தில் பூத்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அன்று தொடங்கியது ஆராய்ச்சி. சாப்பாட்டு மேசையை மீட்டரும் சால்டரிங் கம்பியும் ஆக்கிரமித்தன. ஒவ்வொரு கம்பிக்கும் பெயர்ச்சீட்டு, சீட்டுகளுக்கு ஒரு நோட்டு, அந்த நோட்டுக்கு ஓர் அட்டவணை. அவர் வரைந்த மின்சுற்றுப் படம் கூடத்தைத் தாண்டி, படியிறங்கி, கீழ்வீட்டு வாசலில் வந்து சுருண்டு படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார், தெருக்கம்பத்தைச் சந்தேகப்பட்டார், மழை பெய்த நாட்களைத் தேதிவாரியாகக் குறித்து வைத்தார். கேட்டால் ஒரே பதில்: "எழுபது பர்சென்ட் நெருங்கிட்டேன்."

எதில் எழுபது? அது அவருக்கே தெரியாது.

நான்காவது மாதம் அவர் மனைவி வாய் திறந்தாள். "என்னங்க, நின்னுக்கிட்டே சாப்பிட்டுக் காலெல்லாம் வீங்கிப்போச்சு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் காயலான் கடைக்காரர வரச் சொல்லிருக்கேன். அதுக்குள்ள இது பாடணும். இல்லன்னா வண்டி ஏறணும்."

"என் பால்யத்தையே தூக்கிப் போடுறியா?"

"உங்க பால்யத்த நீங்க வச்சுக்கங்க. எனக்கு உக்காந்து சாப்பிட மேசை வேணும்."

ஞாயிறு ஐந்து மணி. சுவிட்ச் போட்டது போட்டபடி இருக்க, பெட்டி ஊமையாகவே நின்றது. காயலான் கடைக்காரர் சுற்றிவந்து பார்த்தார். "அம்மா, பின்னால கதவ மாட்டிருங்க. படியில எறக்கும்போது உள்ள இருக்கறதெல்லாம் கொட்டிரும்."

அவள் கதவைத் தூக்கி வைத்து இடுப்பால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

பெட்டி பாடியது!

விஷயம் இதுதான். உள்ளே கை விடுகிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று, கதவு திறந்தால் மின்சாரம் நின்றுபோகும்படி ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருந்தான், பெட்டி செய்த புண்ணியவான். நம்மவர் நான்கு மாதமாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டி ஏன் செத்தது என்று தேடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தூக்குவதற்காகக் கைப்பிடியைப் பற்றினார்; 'களுக்' என்றது; ராக்கெட் இடப்பக்கமும் திரும்பியது.

"நல்லாத்தானம்மா இருக்கு! இதப் போய் ஏன் குடுக்கறீங்க?"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இருக்கட்டும்ணே. பாவம், ஆசையா வாங்கினாரு. நீங்க கெளம்புங்க."

இந்த இடத்தில் வேறு எவனாயிருந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பான். மூலகாரணரின் நெற்றி சுருங்கியது. "கொஞ்சம் பொறு. எதனால ஓடுதுன்னு தெரியாம எப்படி விடறது?" யாரும் தடுப்பதற்குள் பின்கதவைத் திறந்தார்.

பெட்டி செத்தது.

"பாத்தியா! அப்பவே சொன்னேன்ல, ஆழமான கோளாறுன்னு!"

"அண்ணே," என்றாள் அவள், "தூக்குங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை மீட்டரும் கையுமாக அவர் பின்னாலேயே ஓடினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், 'அதெப்படி, நான்கு மாதம் மீட்டர் வைத்துப் பார்த்தவருக்கு அந்த ஒரு சுவிட்ச் கூடவா அகப்படாது? இதில் வேறு ஏதோ இருக்கிறது' என்று உங்கள் மனத்தை ஏதாவது குடைகிறதா? அப்படியானால் மெதுவாக எழுந்து போய் வாசலை எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ வண்டிக்குச் சொல்லியாயிற்று.