குறட்டைக் காவலர் ஏகாம்பரம்

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்றொரு கரடி வாழ்ந்து வந்தார். படுத்தால் தூங்கிவிடுவார். தூங்கினால் குறட்டை. அந்தக் குறட்டை குகைச் சுவரில் மோதி, மலையிறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவு வரைக்கும் போகும். "தூங்கினா ஏகாம்பரம் மாதிரித் தூங்கணும். கொடுத்து வைத்தவர்" என்று காடே பேசிக்கொண்டது.

அவர் மனைவி மனோன்மணிக்குத்தான் உண்மை தெரியும். பகலெல்லாம் அவருக்குத் தலைவலி, எரிச்சல். கிழங்கு தோண்டப் போனால் தோண்டிய குழியிலேயே தலையைச் சாய்த்துவிடுவார். தேனடைக்குள் கையை விட்டபடியே ஒருமுறை தூங்கிப்போனார். தேனீக்கள் கொட்டிக் கொட்டி அலுத்துப்போய் அவையாகவே விட்டுவிட்டன. இரவிலோ, குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். கூடவே மூச்சும் நிற்கும். மனோன்மணி எழுந்து உட்கார்ந்து காத்திருப்பாள். வராது. முதுகில் ஓங்கி ஒரு குத்து விடுவாள். "ஹ்ஹர்ர்க்" என்று மறுபடி கிளம்பும். இப்படியே விடியும்.

ஒருநாள் பூத் தின்ன இலுப்பை மரத்தில் ஏறியவர், கிளையிலேயே கண்ணயர்ந்து, கீழே போய்க்கொண்டிருந்த முள்ளம்பன்றியின் மேல் விழுந்தார். விழுந்தும் விழிக்கவில்லை. முள்ளம்பன்றிதான் அலறியது. மனோன்மணி அவர் முதுகிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "போதும். கிளம்புங்க டாக்டர்கிட்ட" என்றாள்.

அந்தக் காட்டின் தூக்க டாக்டர், ஆந்தை தில்லைநாயகி.

"தூக்கம் வராதவங்கதானே உங்ககிட்ட வரணும்? எனக்குத்தான் நல்லா வருதே" என்றார் ஏகாம்பரம்.

"வருது, ஆனா நீங்க தூங்கறதில்லை. படுத்ததும் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போற வழியை அடைக்குது. மூச்சு முட்டினதும் மூளை பதறி உங்களை உலுக்குது. ராத்திரி முழுக்க இதே கூத்து. முழிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உடம்புக்கு இருக்கும். ரத்தக் கொதிப்பு ஏறும், இதயம் களைச்சுப்போகும். இப்படியே விட்டா ஒருநாள் பெரிய ஆபத்துல கொண்டுபோய் விடும்."

சோதனைக்காகத் தலை முதல் கால் வரை ஒயர்களை ஒட்டிவிட்டு, "இப்ப இயல்பாத் தூங்குங்க" என்றார் டாக்டர். ஏகாம்பரம் 'இயல்பா' வரைக்கும்தான் விழித்திருந்தார்.

காலையில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். காற்றை மெல்ல ஊதும் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், மூக்கின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு மூடி. ஊதுகிற காற்று தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். காட்டில் அதற்கு மின்சாரம் ஏது என்று கேட்கக் கூடாது. ஆந்தை மருத்துவம் படித்தபோது சும்மா இருந்தீர்கள் அல்லவா?

அன்று இரவு குகையில் சத்தமே இல்லை. மனோன்மணி அலறி எழுந்து, போய்விட்டார் என்றே நினைத்து, மூடியைப் பிடுங்கி அவரைப் போட்டு உலுக்கினாள்.

"என்ன மணி?"

"ஒண்ணுமில்லைங்க. இருக்கீங்களான்னு பார்த்தேன்."

அப்புறம் அவளும் தூங்கினாள். கல்யாணமான நாளாய்ச் சேர்த்து வைத்திருந்த தூக்கம் அது. வெயில் குகைக்குள் வந்து மூக்கில் அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஏகாம்பரம் தானே போய்த் தேன் கொண்டுவந்து அவளை எழுப்பினார். தலைவலி போயிருந்தது. வழியில் முள்ளம்பன்றியைப் பார்த்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

கதை இங்கேயே முடிந்திருக்கும், மலையடிவாரத்து மான்கள் இல்லாவிட்டால்.

எதிர்ச் சரிவில் துரைக்கண்ணு என்றொரு சிறுத்தை இருந்தான். ஏகாம்பரத்தின் குறட்டையைப் புலியின் உறுமல் என்று நம்பி, ஓடைக்கு இந்தப் பக்கம் அவன் வந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் மான்கள் கால் நீட்டித் தூங்கி வந்தன. இப்போது சத்தம் நின்றுபோனது. புலி ஊரில் இல்லை போலிருக்கிறது என்று துரைக்கண்ணு ஓடையைத் தாண்டினான். மான் கூட்டம் சிதறி ஓடியது. யாருக்கும் உயிர் போகவில்லை. ஒரு கிழமானின் வால் மட்டும் போனது.

மறுநாள் மான்களின் தலைவி சௌந்தரவல்லி பெரிய கூட்டத்தோடு குகைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்த மூக்குக் குழாயைக் கொஞ்ச நாள் கழட்டி வைங்களேன்."

"கழட்டினா ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கம்மா. செத்துக்கூடப் போயிடலாமாம்."

சௌந்தரவல்லி யோசித்தாள். "உடனேவா அண்ணே?"

அன்று மாலையே ஆலமரத்தடியில் பாராட்டு விழா வைத்தார்கள். மூச்சைக் கொடுத்து இனத்தைக் காத்தவர் என்றார்கள். 'குறட்டைக் காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். சிலை வைப்பதாகவும் சொன்னார்கள். சிலைக்குத் தோதாகக் கண்ணை மூடிப் படுத்துக் காட்டச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து இலுப்பைப்பூ மாலை தவிர வேறு மாலை பார்க்காத கரடி அவர். அதையும் பாதி தின்றுவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். இப்போது கழுத்து நிறையச் செண்பகம். மனம் இளகிப்போனது.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்" என்று மனோன்மணியிடம் குழைந்தார்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"பாவம், மானுங்க."

"நான் முழிச்சிருந்து பார்த்துக்கறேன். வேற என்ன செய்ய?" என்றாள் அவள். ஆனால் நல்ல தூக்கத்தை ருசி பார்த்த உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

ஏகாம்பரத்தின் குறட்டை மலையிறங்கியது. மான்கள் மகிழ்ந்து கால் நீட்டின. ஓடைக் கரைவரை வந்துவிட்ட துரைக்கண்ணு அப்படியே நின்றான். புலி திரும்பிவிட்டதே! காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். உறுமல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நின்றது.

துரைக்கண்ணு காத்திருந்தான். வரவில்லை. இன்னும் காத்திருந்தான். அவன் அப்பாவும் இப்படித்தான் உறுமிக்கொண்டே தூங்குவார். தூக்கத்திலும் வீரம் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். ஒரு விடியலில் அவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில்தான் துரைக்கண்ணு படுத்திருந்தான், குட்டியாக. சத்தம் நின்றதும் அப்பாடா என்று புரண்டு படுத்தது அவனுக்கு இன்னும் நினைவிருந்தது.

புலியாவது ஒன்றாவது. ஓடையைத் தாண்டி, அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்த மான்களையும் தாண்டி ஓடி, குகைக்குள் பாய்ந்தான். கிடந்த உருவத்தின் மேல் ஏறி நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்தான்.

"யோவ்! மூச்சு விடுய்யா! விடு!"

"ஹ்ஹர்ர்க்!" ஏகாம்பரம் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே சிறுத்தை. மனோன்மணி விழித்துப் பார்த்துவிட்டுக் கையில் கல்லை எடுத்தாள்.

"அடிக்காதீங்கம்மா. நான் ஒண்ணும் பண்ணலை. அவருக்கு மூச்சு நின்னுபோச்சு" என்றான் துரைக்கண்ணு. அப்புறம்தான் நன்றாகப் பார்த்தான். "ஏங்க, நீங்க புலி இல்லையா?"

"கரடி" என்றார் ஏகாம்பரம், இருமலுக்கு நடுவே.

"இத்தனை வருஷமா ஒரு கரடிக்கா பயந்தேன்?"

மனோன்மணி கல்லைக் கீழே போட்டாள். கணவருக்கு மூடியை மாட்டிவிட்டாள். துரைக்கண்ணுவுக்கு ஒரு குடுக்கைத் தேன் கொடுத்தாள். சிறுத்தைகள் தேன் குடிப்பதில்லை. அவன் மரியாதைக்காகக் குடித்தான். குடித்துக்கொண்டே அப்பா போன கதையைச் சொன்னான்.

"தம்பி, உங்க அப்பாவுக்கு இருந்ததுன்னா உங்களுக்கும் இருக்கலாம். பகல்ல தூக்கம் தூக்கமா வருதா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"வருதுங்க. சிறுத்தைன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் விடக்கூடாது. டாக்டரைப் போய்ப் பாருங்க."

விஷயம் தெரிந்ததும் மான்கள் கொதித்தன. சிறுத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டாரே, சுயநலக்காரர்! பட்டம் பறிக்கப்பட்டது. வேறு வழியின்றி மான்கள் முறை வைத்துக் காவல் காத்தன. மற்ற காட்டு மான்கள் காலகாலமாகச் செய்கிற காரியம்தான்; இவர்களுக்குத் தாங்கவில்லை. கண் சிவந்து, நடை தள்ளாடி, தூக்க மருந்து வாங்க எல்லோரும் தில்லைநாயகியின் வாசலில் வரிசையில் நின்றார்கள். வரிசை ஓடை வரைக்கும் வளைந்து கிடந்தது.

அந்த வரிசையின் கடைசியில் துரைக்கண்ணு வந்து, "இது தூக்க டாக்டர் க்யூதானே?" என்று பணிவாகக் கேட்டான்.

மறுநொடி அவன்தான் முதல் ஆள்.

நீதி: உன் குறட்டையைப் புகழ்கிறவனை நம்பாதே, அது நின்றதும் ஓடி வருகிறவனை நம்பு. நீ மானாக இருந்தால் இரண்டு பேரையும் நம்பாதே, ஆஸ்பத்திரிக்கு மட்டும் சீக்கிரம் போ.