பேத்திக்குக் கேட்ட பழைய சேலைகள்

அன்பு மனைவிக்கு உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கொடியில் காயும் என் சட்டைகளும் சுகம். அங்கு உன் சுகம், மகள் சுகம், மருமகன் சுகம், பேத்தியின் அழுகைச் சுகம் எல்லாம் போனிலேயே கேட்டுக்கொண்டேன்.

நேற்று மகள் பேசினாள். "அப்பா, பாப்பாவுக்குப் புதுத் துணி ஒத்துக்கல, உடம்பெல்லாம் செவந்துபோகுது. அம்மாவோட பழைய பருத்திச் சேலை நாலு இருக்குமே, அனுப்பி வைங்கப்பா. அம்மா இன்னும் ரெண்டு மாசம் இங்கதான்" என்றாள். சேலை சங்கதி இருக்கட்டும். அந்த இரண்டு மாதம் என்ன கணக்கு? ஒரே மாதம் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய்?

சேலைகளை அனுப்ப முடியாத நிலையில் இருக்கிறேன். கோபப்படாமல் படி. கிளம்பும்போது நீதானே வாசலில் நின்று, "பழந்துணி ஒண்ணையும் குப்பையில போட்டுடாதீங்க, எதுக்காவது உபயோகப்படுத்துங்க" என்றாய்? கல்யாணமான நாளாக உன் பேச்சைக் கேட்பதில்லை என்று குறைப்படுகிறாயே, இந்த ஒரு தடவை கேட்போம் என்று பச்சைச் சேலையை எடுத்தேன். காலமெல்லாம் கட்டட வரைபடம் போட்ட கை அல்லவா, அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, சதுரம் சதுரமாக வெட்டித் தரை துடைக்கும் துணியாக்கினேன். துடைத்த ஈரத்தில் நானே வழுக்கி விழுந்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு, தைலம் தேய்த்துவிட ஆளில்லாமல் கிடந்தேன். நீலக் கட்டம் போட்டதைச் சமையலறை ஜன்னலுக்குத் திரையாக்கினேன். அது காற்றில் அசையும்போதெல்லாம் நீ அடுப்படியில் நிற்பதாக நினைத்து, "காபி" என்று குரல் கொடுத்துவிட்டு, பிறகு நானே எழுந்துபோய்ப் பால் வைத்தேன். பால் பொங்கியது, துடைக்கத் திரையை இழுத்தேன், கம்பியோடு தலையில் விழுந்தது. மஞ்சளைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பை தைக்கக் கொடுத்தேன். "இவ்வளவு நல்ல சேலையையா சார்? அக்கா வந்தா என்னைத்தான் திட்டுவாங்க" என்றார். தைத்த பைகளைத் தெருவுக்கே கொடுத்தாயிற்று. இப்போது பஸ் நிறுத்தத்தில், மருந்துக் கடையில், எங்கு பார்த்தாலும் உன் மஞ்சள் முந்தானை யார் தோளிலாவது தொங்குகிறது. நீதான் போகிறாய் என்று இரண்டு எட்டு வேகமாக நடந்துவிட்டு அசடுவழிய நின்றுவிடுகிறேன். தனியா இருக்கிறவனுக்கு இதெல்லாம் ரொம்ப அநியாயம், சொல்லிட்டேன்.

அலமாரியில் மீதியிருப்பதில் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியாது. ஆகவே நீயே நேரில் வந்து பார்த்து எடுத்துப்போவதுதான் முறை. அடுத்த வண்டியிலேயே கிளம்பு.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். பேத்திக்கு முத்தங்கள். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வீட்டுச் சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: ஒட்டிய உறையை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். குழந்தைக்கு உடம்பு சிவந்திருக்கும்போது விளையாட மனசு வரவில்லை. உன் சேலை எதன்மீதும் கத்தரி படவில்லை. வழுக்கி விழுந்ததும் பொய், பை தைத்ததும் பொய். தையல்காரம்மாவிடம் விசாரித்து என் மானத்தை வாங்காதே. "காபி" என்று குரல் கொடுத்தது மட்டும் நிஜம். பச்சை, நீலம், மஞ்சள் மூன்றையும் துவைத்து மடித்து இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். நாலாவதான பழுப்புச் சேலையை மட்டும் அனுப்பவில்லை. அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அது வேண்டுமென்றால் நீதான் வரவேண்டும்.