மூப்பு வரிசையில் மூன்று சர்வர்கள்

வாஷியில் உள்ள மாட்சிமை பொருந்திய பட்டறை உரிம அலுவலகத்துக்கு மூன்று கம்ப்யூட்டர் சர்வர்கள் சேவை செய்துவந்தன. மூத்தது ஐரோலியில். மாலை போட்டு, தேங்காய் உடைத்துத் திறந்து வைக்கப்பட்ட அது, போன மழையில் நனைந்து உயிரை விட்டது. அடுத்தது மாட்டுங்காவில். பதிவேட்டைக் காட்டும்; ஒரு எழுத்துகூட எழுதவிடாது. கடைசியாக வந்தது வாஷி சர்வர். எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சா காலையிலிருந்து கவுன்டர் முன்னால் நின்றார். ஐந்து மணிக்குள் உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் பட்டறைக்குச் சீல். பன்னிரண்டு பேரின் பிழைப்பு அது. திரையில் அவர் பெயர் அழகாக வந்தது. புதுப்பிக்கப் போனால் மட்டும் 'எழுத அனுமதி இல்லை' என்றது.

ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த ஹரிதா குடைந்து பார்த்துக் காரணம் சொன்னாள். 'கனெக்ஷன் ஸ்ட்ரிங்' என்கிற ஒற்றை வரியில் மூன்று சர்வர்களின் பெயரும் கமா போட்டு இருக்கிறது. புரோகிராம் அந்த வரிசையில் கதவைத் தட்டும். ஐரோலிக்காக முப்பது விநாடி காத்திருக்கும். பிறகு மாட்டுங்கா 'ம்' என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிடும். வாஷியை முதலில் போட்டால் தீர்ந்தது.

மேற்பார்வையாளர் விசாலாக்ஷி கண்ணாடியைக் கழற்றினார். மூப்புப் பட்டியலை மாற்ற மேலிடத்து ஆணை வேண்டும். ஐரோலி இன்னும் ஓய்வு பெறவில்லை, இறந்ததாகவும் கோப்பில் இல்லை என்றார். சரி, வரிசை அப்படியே இருக்கட்டும், வரியின் கடைசியில் 'எழுதக்கூடியதை மட்டும் எடு' என்று சேர்த்தால் போதும் என்றாள் ஹரிதா.

விசாலாக்ஷியின் முகம் வெளுத்தது.

"வேலை செய்யறவாளை மட்டும் எடுத்துக்கோன்னு எழுத்துல போடறதா? இன்னிக்கு மெஷினுக்கு வரும், நாளைக்கு செக்ஷனுக்கு வரும். அப்புறம் இந்த ஆபீஸ்ல யார் மிஞ்சுவா?"

செத்ததற்கு மரியாதை, உயிரோடு இருக்கிறவனுக்குச் சீலா என்று கரீம் பாட்சா அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். விசாலாக்ஷியும் மனுஷிதானே, இரங்கினார். தோல் தொழிலாளர் சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால், பொதுமக்கள் கோரிக்கை என்று காட்டி உடனே மாற்றிவிடலாம் என்றார். கரீம் பாட்சாதான் சங்கச் செயலாளர். லெட்டர்பேடும் பையில் இருந்தது. மணி நாலேகால்.

லெட்டர்பேடின் உச்சியில் மூன்று பெயர்கள். தலைவர் மன்சூர் அலி மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷம். துணைத் தலைவர் துபாயில். போனை எடுப்பார், கையெழுத்துப் போட வரமுடியாது. மூன்றாவது கரீம் பாட்சா.

"அங்கிள், நீங்கதான் இங்கயே இருக்கீங்களே, போடுங்க," என்று ஹரிதா பேனாவை நீட்டினாள்.

"எப்படிம்மா போடுறது? மூத்தவரு பேரு மேல இருக்கையில நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

சொல்லிவிட்டு மன்சூர் அலியின் நம்பரை அழுத்தினார். முப்பது விநாடி மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு துபாய்க்குப் போட்டார். துணைத் தலைவர் உடனே எடுத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். ஐந்து மணிக்கு விசாலாக்ஷி கவுன்டரைச் சாத்தும்போதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பட்டறைக்குச் சீல் விழுந்தது, முறைப்படி.