முறிஞ்ச வீட்டுக்குப் போகிறவர்

செத்த வீட்டுக்குத் தவறாமல் போகிறவரை உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் முதல் பந்தியிலேயே இடம் பிடிக்கிறவரையும் தெரியும். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிசைந்து, கழுத்தில் ஒரு மவ்ளரைச் சுற்றி, லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நிறுத்திவிட்டால் மூன்றாவதாக ஓர் இனம் கிடைக்கும். அவர்தான் முறிஞ்ச வீட்டுக்குப் போகிறவர். நம்முடைய ஆட்களில் ஒருவன் கடனில் முறிந்து வங்குரோத்தாகிவிட்டான் என்று காதில் விழவேண்டியதுதான், அவருக்குக் கால் தரையில் நிற்காது.

இந்தப் பிரான்சில் கடன் கட்ட முடியாதவனுக்கென்று அரசாங்கம் ஒரு கொமிசியோன் வைத்திருக்கிறது. அங்கே போய், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, என்னால் இனி ஏலாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தோசியே போடுவது என்று பெயர். அவர்கள் பார்த்துவிட்டு, உன்னால் கட்டக்கூடியது இதுதான், மாதா மாதம் இதைக் கட்டு, முடியும்வரைக்கும் புதிதாய்க் கடன் வாங்காதே என்று சொல்லி அனுப்புவார்கள். ஒருவரையும் பிடித்து மறியலில் அடைப்பதில்லை. வெள்ளைக்காரர் பல்லுக்கொதிக்கு டாக்குத்தரிடம் போகிற மாதிரிப் போய் வருகிறார்கள். நம்முடைய சனத்துக்கு மட்டும் அது மரணம். மரணம் என்றால் யாராவது விசாரிக்கப் போகவேண்டாமா?

அரியரத்தினம் போவார்.

லெ பிளாங்-மெனிலில் அடுக்குமாடியொன்றில் இருக்கிறார். ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. திங்கட்கிழமை லீவு. அன்றைக்கு முகம் வழித்து, மவ்ளரைச் சுற்றிக்கொண்டு ரூ பெர்தொனேயில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு வந்து, கண்ணாடிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால், தெருவில் யார் என்ன பையோடு போகிறார்கள் என்பது முழுக்க அவருக்குத் தெரிந்துவிடும். ஊர்ச்சங்கத்துக்கு வருகிற தைப்பொங்கலோடு அவர்தான் தலைவர் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஏறக்குறைய என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அரியரத்தினமும் முறிந்துதான் இருந்தார்.

மகள் லக்சனா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு அவர் பிடித்த மண்டபமும், பெண்ணை ஏற்றிய குதிரை வண்டியும், வானத்திலிருந்து பூப் போட்ட இயந்திரமும் இன்றைக்கும் வீடியோவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கு எடுத்த கடன் வீடியோ இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. அதை அடைக்க இன்னொரு கடன். அந்தக் கடனுக்குத் தம்பியாக ஒன்று, தங்கையாக ஒன்று. கடைசியில் ஒருநாள் சுப்பர்மார்க்கெற்றில் காசுப்பெட்டிக்காரி அவருடைய அட்டையை மூன்று தரம் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். அட்டை பழுது என்று பின்னால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் தமிழில் விளங்கப்படுத்தினார். அத்தனை பேரும் வெள்ளைக்காரர்.

இது வெளியே தெரிந்தால் சங்கத் தலைவர் பதவி போகும். அதைவிட, கண்ணாடிக்குப் பக்கத்து மேசை போகும். அது போனால் மனிதனுக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று எதற்கு?

அதனால்தான் மற்றவன் முறிந்தால் அவர் முதல் ஆளாய் நின்றார். விசாரிக்கப் போகிறவன் வீட்டிலேயே பிணம் கிடக்கும் என்று யாராவது நினைப்பார்களா?

அந்த வருசம் முறிந்தவன் தவசீலன். ரெலிபோன் அட்டை விற்கிற சின்னக் கடை வைத்திருந்தான். சனம் கைத்தொலைபேசியிலேயே சும்மா முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்கியதும் அட்டையை யார் வாங்குவது? அதற்கு முன்னமே, 2009 இல், வன்னி முகாமுக்குள் கிடந்த அக்காவையும் பிள்ளைகளையும் வெளியே எடுக்க அவன் கையெழுத்து வைக்காத கடன் கொம்பனி இல்லை. அக்கா வந்துவிட்டாள். கடன் போகவில்லை. தோசியே போட்டான்.

செய்தியைக் கொண்டுவந்தவர் சிவமணி, சங்கத்தின் செயலாளர், தேத்தண்ணிக் கடையில் எதிர்க் கதிரை.

"அண்ணை, தவசீலன் தோசியே போட்டிட்டானாம்."

அரியரத்தினம் கண்ணை மூடித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "எப்ப?"

"போன கிழமையாம்."

"போன கிழமையும் கண்டனானே. நல்லாத்தானே இருந்தவன்."

போகிற முறை ஒன்று உண்டு. கையில் பிஸ்கற் பக்கெற் ஒன்று. சொக்கிலேற் பூசாதது, ஏனென்றால் பூசினது பிள்ளை பிறந்த வீட்டுக்கு. வாசலில் மணியை ஒரு தரம்தான் அடிக்கவேண்டும், அதுவும் மெல்லமாய். உள்ளே போனதும் சிரிக்கக்கூடாது, சோபாவின் நுனியில் இருக்கவேண்டும், ரீவி ஓடினால் அதை ஒரு பார்வை பார்க்கவேண்டும், வீட்டுக்காரர் தாங்களாய் நிற்பாட்டுவார்கள். தேத்தண்ணி தந்தால் வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுக் குடிக்கவேண்டும். தவசீலன் வீட்டிலும் அரியரத்தினம் இதில் ஒன்றும் பிசகவில்லை.

"எப்பிடியடா தம்பி நடந்தது?"

"கடை ஓடேல்லை அண்ணை."

"முதலே ஒரு அறிகுறியும் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சதுதான்."

"தெரிஞ்சோடனை ஆரிட்டையாவது காட்டியிருக்கலாம். கடைசியிலை அவங்கள் என்ன சொன்னவங்கள்?"

"மாதம் மாதம் கட்டச் சொன்னவங்கள். பரவாயில்லை அண்ணை, ஆறு மாதத்துக்குப் பிறகு இப்பதான் நித்திரை கொள்ளுறன்."

இந்த இடத்தில் அரியரத்தினம் கொஞ்சம் குழம்பினார். நித்திரை கொள்கிற சவத்தை அவர் இதுவரைக்கும் விசாரித்ததில்லை. போதாததற்குக் குசினியிலிருந்து ஒரு வாசம். இறைச்சி. அதுவும் ஆட்டிறைச்சி. வங்குரோத்தானவன் ஆட்டிறைச்சி தின்னலாமா? அவரிடம் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. உறைந்த மீன் தின்னலாம். கோழி என்றால் ஞாயிற்றுக்கிழமை, கால் மட்டும். புதுச் சேட்டுப் போடக்கூடாது, பழையதையும் மினுக்கிப் போடக்கூடாது. கலியாண வீட்டுக்கு வந்தால் பின் வரிசை. சிரிக்கலாம், சத்தம் வரக்கூடாது.

எழும்பினார். சப்பாத்தைப் போட்டார். கதவைத் தானே திறந்தார். நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். செத்த வீட்டில் மட்டும் சொல்வதில்லை. இன்னொரு தரம் வருவேன் என்று அங்கே யார் சொல்வார்கள்? பேசாமல் எழும்பி, தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவோம்.

அரியரத்தினம் பேசாமல் எழும்பி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

தவசீலன் கவனிக்கவில்லை. அவன் மனைவி கௌரி கவனித்தாள். கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை."

அவர் காது கேட்காதவர் மாதிரிப் படியிறங்கினார்.

அடுத்த திங்கள் கடையில் முழு அறிக்கையும் வாசிக்கப்பட்டது. ரீவியின் நீளம் இவ்வளவு, கையை விரித்துக் காட்டினார். இறைச்சி வாசம் படி வரைக்கும். மனிசிக்கு வாய். அக்காவை முகாமிலிருந்து எடுக்கக் கடன்பட்ட கதையைச் சிவமணி மெல்ல எடுத்தபோது, அரியரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அக்கா எண்டு சொல்லுறது சும்மா. குதிரை" என்றார். குதிரைப் பந்தயம் கட்டித்தான் தவசீலன் முறிந்தான் என்று அன்று பின்னேரமே வில்லியே லே பெல் வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. தவசீலன் வாழ்க்கையில் குதிரை பார்த்தது ஒரே ஒரு தரம், அரியரத்தினத்தின் மகளுடைய சாமத்திய வீட்டில்.

இதற்கிடையில் அவருடைய வீட்டில் ஞானம்மா வாய் திறந்தாள். ஞானம்மா அவருடைய மனைவி, கதைப்பது குறைவு.

"இஞ்சாருங்கோ, தவசீலன் போன இடத்துக்கு நீங்களும் ஒருக்கால் போய்ப் பாருங்கோவன்."

"எனக்கு என்ன வருத்தம், நான் போறதுக்கு?"

"கரண்ட் வெட்டப் போறாங்களாம். அது வருத்தம் இல்லையோ?"

போனார். ஒரு வியாழக்கிழமை, வேலைக்கு லீவு போட்டு, மவ்ளரை மூக்கு வரைக்கும் இழுத்து, தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கி, இடையில் மிஞ்சிய கண்ணுக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொமிசியோன் கந்தோருக்குப் போனார். பிரான்சில் அந்த அலங்காரத்தோடு ஒரு கந்தோருக்குள் போனால் காவலாளி முதலில் யாரை நிறுத்துவான்? அவரைத்தான் நிறுத்தினான். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான். மொட்டை முகத்தோடு உள்ளே போய், காத்திருக்கிற கதிரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், எதிர்க் கதிரையில் தவசீலன். ஏதோ ஒரு கடுதாசியைக் காட்டித் திருத்த வந்திருந்தான்.

"என்னண்ணை இஞ்சாலைப் பக்கம்?"

"நான் தெரிஞ்ச ஆள் ஒருத்தருக்குத் துணையா வந்தனான்."

தவசீலன் சுற்றிவரப் பார்த்தான். அங்கே வேறு தமிழர் இல்லை.

"ஓமண்ணை," என்றான். "முதல் நாள் எல்லாரும் துணைக்குத்தான் வாறது. நானும் அப்பிடித்தான் வந்தனான். சம்பளத் துண்டும் வாடகைத் துண்டும் கொண்டந்தனீங்களோ? இல்லாட்டி திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

அவன் நக்கலாய்ச் சொல்லவில்லை. அதுதான் அரியரத்தினத்துக்குத் தாங்க முடியாமல் போனது. வெளியே வந்ததிலிருந்து ஒரே யோசனை. இவன் சொல்லப் போகிறான். வெள்ளியோ சனியோ ரூ பெர்தொனேயில் நின்று சொல்லப் போகிறான். தவசீலனுடைய இடத்தில் தான் இருந்தால் வியாழக்கிழமையே சொல்லியிருப்பார் என்பது அவருக்கு நிச்சயமாய்த் தெரியும். அவன் வாயைத் திறக்கமுதல் தான் திறந்துவிட வேண்டும். திங்கட்கிழமை வரும்வரைக்கும் தொண்டைக்குள் அதை வைத்திருக்க அவர் பட்ட பாடு ஞானம்மாவுக்குத்தான் தெரியும்.

திங்கள் வந்தது. கடை நிறைய ஆட்கள். சிவமணி எதிர்க் கதிரை.

"உவன் தவசீலனுக்கு வெக்கம் ரோசம் ஒண்டுமில்லைக் கண்டியோ," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தொடங்கினார். "வியாழக்கிழமை கொமிசியோன் கந்தோரிலை கண்டனான். கலியாண வீட்டிலை இருக்கிற மாதிரிக் காலுக்கு மேலை கால் போட்டுக்கொண்டு இருக்கிறான். ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறான். சம்பளத் துண்டு கொண்டந்தனீங்களோ எண்டு கேக்கிறான்."

சிவமணி தேத்தண்ணியை உறிஞ்சி முடித்தார்.

"ஆரிட்டையண்ணை கேட்டவன்?"

பக்கத்து மேசைக்காரர் கதிரையை இந்தப் பக்கம் திருப்பினார்.

"பொதுவா," என்றார் அரியரத்தினம்.

"நீங்கள் அங்கை என்னத்துக்கு அண்ணை போனனீங்கள்?"

"நான் ஒரு ஆளுக்குத் துணையா."

"ஓ," என்றார் சிவமணி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இந்த வித்தையை அரியரத்தினத்திடமே பழகியவர். எதைக் கடையில் கேட்பது, எதை வீட்டுக்குப் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியும். தவசீலன் இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலமை, அரியரத்தினம் வேலைக்கு வெளிக்கிடமுதல், வாசல் மணி ஒரு தரம்தான் அடித்தது, மெல்லமாய்.

ஞானம்மா கதவைத் திறந்தாள். சிவமணி, அவருக்குப் பின்னால் சங்கத்துக்காரர் இரண்டு பேர். சிவமணியின் கையில் சொக்கிலேற் பூசாத பிஸ்கற் பக்கெற். மூன்று பேரும் சோபாவின் நுனியில் இருந்தார்கள். ரீவியை ஒரு பார்வை பார்த்தார்கள். அரியரத்தினம் தானாய் எழும்பிப் போய் அதை நிற்பாட்டினார். சிவமணியின் கண் அதன் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போவதைக் கண்டார். அளக்கிறான் என்று தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியும்?

தேத்தண்ணி மூன்று தரம் வேண்டாமாகி, பிறகு குடிக்கப்பட்டது.

"எப்பிடியண்ணை நடந்தது?"

"என்ன எப்பிடி?"

"முதலே ஒரு அறிகுறியும் தெரியேல்லையோ?"

அரியரத்தினம் பிஸ்கற் பக்கெற்றைப் பிரித்துத் தட்டில் வைத்தார். தைப்பொங்கலைப் பற்றி ஏதாவது கதைப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் எழும்பினார்கள், சப்பாத்தைப் போட்டார்கள், கதவைத் தாங்களே திறந்தார்கள். இப்போது சொல்வார்கள் என்று அரியரத்தினம் நின்றார். இரண்டே இரண்டு சொல். கூட்டத்தில் மாலை வேண்டாம், கண்ணாடிக்குப் பக்கத்து மேசை வேண்டாம், அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுப் போங்கடா என்று நின்றார்.

பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு செத்த வீட்டுப் படலையைத் தாண்டிப் போகிறவர்கள் மாதிரிப் போனார்கள்.

"சிவமணி," என்று கூப்பிட்டார்.

சிவமணி திரும்பினார். கௌரி அகப்பையோடு நின்று சொன்ன வசனம் அரியரத்தினத்தின் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் முறிந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"லிப்ற் வேலை செய்யேல்லை," என்றார். "படியாலை போங்கோ."

சிவமணி, பிணத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரனுக்கு ஆட்டுகிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

அவ்வளவுதான் கதை. நீங்கள் நல்லாய்ச் சிரித்திருப்பீர்கள், நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை என்று. சந்தோசம். ஆனால் இவ்வளவு நேரமும் ஒன்று உங்களுக்குள் அரித்துக்கொண்டு இருந்திருக்குமே. குதிரை வண்டிக்கு எவ்வளவு, மொத்தக் கடன் எவ்வளவு, இந்த அரியரத்தினம் எந்த ஊர், எந்த மாடி வீடு? அது ஒன்றும் இங்கே எழுதப்படவில்லை. அது தெரியாமல் உங்களுக்கு நித்திரை வராது என்றால், பிஸ்கற் பக்கெற் எந்தக் கடையில் விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். போய் விசாரியுங்கள். திரும்பி வரும்போது உங்கள் வீட்டு வாசலில் யாருடைய சப்பாத்துக் கிடக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.